சட்டைப்பையில் இருந்த தாலி

அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் நான் நெடுங்காலம் நடத்திய அலுவலகத்தை இப்போது கவிதா என்ற வழக்கறிஞர் நடத்துகிறார். தட்டச்சு இயந்திரம் போய்விட்டது, கணினி வந்துவிட்டது. படிவங்களை யாரும் கையால் நிரப்புவதில்லை. வேலை மட்டும் அதேதான். வெளிநாடு போகிறவர்களுக்கான விண்ணப்பம், மொழிபெயர்ப்பு, உறுதிமொழிப் பத்திரம். சிக்கலான கேஸ் வந்தால் கவிதா எனக்குத் தொலைபேசியில் அழைப்பதுண்டு. போன மாதமும் அழைத்தார்.

"சார், பொண்ணு காரியாபட்டி. மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரு. கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கு, அங்க போயிதான் கல்யாணம்னு விண்ணப்பம் போடச் சொல்றாரு. பொண்ணு வீட்டுலயோ, இப்பவே தாலி கட்டித்தான் அனுப்புவோம்ங்கறாக. ரெண்டையும் சேத்துச் செய்ய வழி இருக்கா சார்? நீங்க முன்னாடி ஒரு கேஸ் அப்படிப் பண்ணீங்களாமே?"

"யார் சொன்னா?"

"டவுனுல சொல்றாக சார். எல்லாம் நீங்க சரியாத்தான் செஞ்சீங்களாம். கடைசி நேரத்துல அந்தப் பொண்ணுதான் பதறிப்போயி உளறிக் கெடுத்துருச்சாம்."

நாளைக்கு நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். கவிதா சொன்னதில் கடைசி வாக்கியம் என்னுடையது. பல ஆண்டுகளுக்கு முன்பு, மும்பையில் ஒரு சாலையோரத்தில், நான் ஒருவனிடம் சொன்னது. அது ஊர் சுற்றி என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம். பயன்படாவிட்டாலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவன். கல்லூரி வேலைக்கு அலைந்து கிடைக்காமல், மதுரையில் ஒரு வழக்கறிஞரிடம் மொழிபெயர்ப்பு எழுத்தராகச் சேர்ந்தேன். அவரை எல்லாரும் சீனியர் என்றுதான் சொல்வோம். முதல் சில ஆண்டுகள் பிறப்புச் சான்றிதழ்களையும் பள்ளிச் சான்றிதழ்களையும் ஆங்கிலமாக்கியதில் போயின. அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது, வேறு நாட்டுக்காரரைத் திருமணம் செய்யப் போகிறவர்கள் வந்தால் சீனியர் நடந்துகொள்ளும் முறை.

வந்தவர்கள் உட்கார்ந்ததும், மேசை மேல் இருக்கும் விண்ணப்பத்தை எடுத்துக் குப்புறக் கவிழ்த்துவிடுவார். "இது அப்புறம். இது வரைக்கும் என்னென்ன நடந்திருக்கு, அதை மட்டும் சொல்லுங்க" என்பார். பூ வைத்ததா, தட்டு மாற்றியதா, மோதிரம் போட்டதா, தாலி கட்டியதா, யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்டு முடித்தபின் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போடுவார். அந்தக் கதைக்குப் பொருந்தக்கூடிய வழிகள் இரண்டு என்றால் இரண்டு பக்கம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு காலம் ஆகும், அதுவரை எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, போய் இறங்கியதும் என்ன உரிமை கிடைக்கும் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதுவார். பிறகு தாளை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து, என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். எதிரில் டீக்கடை.

ஒருமுறை மல்லாங்கிணற்றில் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் வந்தது. மகன் மலேசியப் பெண்ணைக் கட்ட வேண்டும். அவள் இங்கே வருவதா, அவன் அங்கே போவதா என்பதுதான் கேள்வி. தாளைக் கொடுத்துவிட்டு நாங்கள் டீக்கடைக்கு வந்தோம். மாடியிலிருந்து கூச்சல் தெருவுக்கே கேட்டது.

"சார், உள்ள சண்டை போடுறாங்க. போயி விலக்கி விடலாமா?" என்றேன்.

"போடட்டும்யா. இப்பப் போட்டா என் ஆபீசோட முடியும். விசா வந்தப்புறம் போட்டா ரெண்டு நாட்டுல நடக்கும்."

"நாம கூட இருந்து எது நல்லதுன்னு சொன்னா என்ன சார்?"

"நாம இருந்தா நம்ம மூஞ்சியப் பாத்து முடிவெடுப்பாங்க. நாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அடுத்த கேசுக்குப் போயிருவோம். வாழப் போறது அவங்க."

பையன் அங்கே போவதென்று அன்று முடிவானது. அவன் அம்மா அழுதுகொண்டேதான் படி இறங்கினார். ஆனால் பிற்பாடு ஒருநாளும் சீனியரைக் குறை சொல்லவில்லை. முடிவு அவர்களுடையதாக இருந்தது.

இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுத்தான் அருப்புக்கோட்டையில் தனியாக அலுவலகம் போட்டேன். நானும் பல ஆண்டுகள் விண்ணப்பத்தைக் கவிழ்த்து வைத்தேன், கோடு போட்டேன், டீ குடிக்கப் போனேன். பிறகு பெயர் வந்தது. "அவர்கிட்டப் போனா ஏதாவது ஒரு வழி கண்டுபிடிச்சிருவாரு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எம்.ரெட்டியபட்டியிலிருந்து வெங்கடசாமி வந்தான். உயர்நிலைப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். பள்ளிப் படிப்போடு ஊருக்குப் போய்ப் பருத்தியும் குதிரைவாலியும் போட்டு, ஊர்ப் பேச்சில் சொன்னால் பெரிய சம்சாரி, பெரிய விவசாயி, ஆகியிருந்தான். நான் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவனுக்கு என் பெயரே எம்.ஏ.தான்.

"ஏலே எம்.ஏ., ஒனக்குப் பெரிய கேசு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். எம் மக அமெரிக்காவுலருந்து ஒரு சிலோன்காரப் பயலப் பிடிச்சிருக்கா."

"அமெரிக்காவுல இல்ல மாமா. மதுரையிலதான் பிடிச்சேன்" என்றாள் கூட வந்த மகள் சுகந்தி.

அவள் மதுரையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். யாழ்ப்பாணத்திலிருந்து சிகிச்சைக்கு வந்த ஒரு அம்மாளுக்குத் துணையாக, அமெரிக்காவில் இருந்து அவருடைய அக்கா மகன் வந்து தங்கியிருந்தான். பெயர் ரமணன். சிறுவயதில் பெற்றோருடன் அமெரிக்கா போய்க் குடியுரிமை பெற்றவன். சித்தி குணமாகும் முன்பே இவர்கள் இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். வெங்கடசாமி இரண்டு மாதம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் இறங்கி வந்திருந்தான். சாமியும் ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அவசரம் ரமணனுடைய அம்மாவால் வந்தது. அவருக்குப் புற்றுநோய். விமானத்தில் ஏற முடியாது. ரமணன் தொலைபேசியில் பேசினான்.

"அங்கிள், அம்மாவுக்கு ஏலாமல் இருக்கு. சுகந்தியை ஒருக்கா பாத்திட வேணும் எண்டுதான் சொல்லிக்கொண்டு இருக்கிறா. எது கெதியா நடக்குமோ அதைச் செய்வம்."

அப்போது இருந்த வழிகள் இரண்டு. இப்போது விதிகளும் காலக் கணக்கும் மாறியிருக்கலாம், அதனால் இதை யாரும் வழிகாட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று, திருமணம் நிச்சயமானவள் என்று விண்ணப்பிப்பது. அவள் அங்கே போய் மூன்று மாதத்துக்குள் அவனை மணக்க வேண்டும். இது விரைவாக முடியும். ஆனால் அங்கே போய் இறங்கும்வரை திருமணம் நடந்திருக்கக் கூடாது. மற்றது, இங்கேயே மணந்து பதிவு செய்து, மனைவி என்று விண்ணப்பிப்பது. இதற்குச் சில மாதங்கள் கூடுதலாகும். ஆனால் போய் இறங்கும்போதே நிரந்தரமாக வாழும் உரிமையோடு இறங்குவாள்.

முதல் வழியை விளக்கினேன். கேட்டு முடித்ததும் வெங்கடசாமி தலையை ஆட்டினான்.

"கழுத்துல தாலி ஏறாம எம் மக பிளேன் ஏற மாட்டா. அங்க போயி மூணு மாசத்துல அவன் கட்டலேன்னா? திரும்பி வந்தவள ஊரு என்ன பேசும்?"

"அவரு அப்படிப்பட்டவரு இல்லப்பா" என்றாள் சுகந்தி.

"அவன் நல்லவனாவே இருக்கட்டும் தாயி. ஊரு நல்ல ஊரா?"

அந்த இடத்தில் நான் வெள்ளைத்தாளை எடுத்திருக்க வேண்டும். இரண்டாவது வழியை முதல் வழி அளவுக்கே விளக்கியிருக்க வேண்டும். பிறகு எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. "மனைவின்னு போடுற வழி ஒண்ணு இருக்கு. அது இழுத்தடிக்கும், விடு" என்று கையை வீசினேன். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பழைய பெஞ்சுத் தோழன் முன்னால், அவனுக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் ஒரே நேரத்தில் பிடித்த ஒரு பதிலைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"ஒண்ணு செய்யலாம். குலசாமி கோயில்ல வச்சுத் தாலி கட்டிக்கோங்க. பத்திரிகை வேண்டாம், மண்டபம் வேண்டாம், போட்டோ வேண்டாம். ரிஜிஸ்டர் பண்ணவும் வேண்டாம். விண்ணப்பத்துல நிச்சயம் மட்டும்னு போட்டுக்கலாம். அங்க போயி அவுக முறைப்படி இன்னொரு தடவ கட்டிக்கட்டும்."

சுகந்தி யோசித்தாள். "மாமா, அப்ப நான் கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா?"

"வீட்டுக்கு ஆனவ. பேப்பருக்கு ஆகாதவ."

எல்லாரும் சிரித்தோம். "எம்.ஏ.ன்னா எம்.ஏ.தாம்லே" என்று வெங்கடசாமி என் முதுகில் தட்டினான்.

பதிவு செய்யாவிட்டாலும், உறவினர் முன்னிலையில் முறைப்படி தாலி கட்டினால் அது சட்டப்படி திருமணம்தான். இது எனக்குத் தெரியாததல்ல. சீனியர் முதல் மாதமே சொல்லிக் கொடுத்த பாடம். அப்போது அவர் மதுரையில் ஓய்வாக இருந்தார். கேட்டிருக்கலாம். என்ன சொல்வார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

ரமணன் ஒரு வாரம் விடுப்பில் வந்தான். திருச்சுழிக்குத் தெற்கே, சீமைக்கருவேலங்காட்டுக்குள் இருக்கும் அவர்கள் குலசாமி கோயிலில் ஒரு காலை நேரத்தில் தாலி கட்டினான். வீட்டு ஆட்களும் அவன் சித்தியும் நானும்தான். மாப்பிள்ளை முதல் முடிச்சிலேயே தடுமாறினான்.

"மாப்ள, ஷூ லேசு கட்டுற மாதிரி கட்டாதீக. இது அவுக்குறதுக்கு இல்ல" என்று பெண்ணின் தாய்மாமன் கேலி செய்தார். மூன்றாவது முடிச்சை அவன் சித்தி போட்டார்.

அதற்குச் சற்று முன்பு ரமணன் என்னிடம் வந்தான். கையில் கைபேசி. "அங்கிள், அம்மா லைன்ல இருக்கிறா. வீடியோவில காட்டட்டே? ஒரு அஞ்சு நிமிஷம்."

கூடாது என்றேன். யாராவது பதிவு செய்துவிட்டால், அது எங்காவது போய் நின்றால், கேஸ் கெட்டுவிடும் என்றேன். வேண்டுமானால் சத்தம் மட்டும் கேட்கட்டும் என்று பெரிய மனதோடு அனுமதி கொடுத்தேன். அந்த அம்மாள் என்னிடமே பேசினார்.

"பரவாயில்லை ஐயா. பிள்ளை இஞ்ச வரத்தானே போகுது. நேரிலேயே பாப்பன்."

சித்தி கடைசி முடிச்சைப் போட, பெண்கள் குலவை போட்டபோது ரமணன் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சில மாதங்களில் மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கேள்விகளுக்கான விடைகளை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்துச் சுகந்தியைப் பயிற்றுவித்தேன். தமிழிலும் பேசலாம் என்று இருந்தது. ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பு என்று நான்தான் சொன்னேன். மதுரையிலிருந்து அவளும் வெங்கடசாமியும் நானும் மும்பைக்கு ரயில் ஏறினோம்.

நேர்காணலன்று காலை, விடுதி அறையில், தாலியைக் கழற்ற வேண்டியிருந்தது. அதை அவளே செய்தாள். வெறுங்கழுத்தாக இருக்கக்கூடாது என்று அவள் அம்மா மஞ்சள் கிழங்குத் துண்டு கோர்த்த ஒரு நூலைக் கொடுத்துவிட்டிருந்தார். அதைக் கட்டி உடைக்குள் மறைத்துக்கொண்டாள். பிறகு தாலியைக் கைக்குட்டையில் வைத்து அப்பாவிடம் நீட்டினாள். வெங்கடசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எங்கிட்டக் குடுக்காத தாயி. அத நான் கையால வாங்கக் கூடாது."

அவள் கை நீட்டியபடியே இருந்தது. நான் வாங்கி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். துணிக்குள் அது இன்னும் சூடாக இருந்தது.

எங்களை உள்ளே விடமாட்டார்கள். வெளியே சாலையோரம் நின்றோம். எங்களைப்போலவே நின்றிருந்த ஒரு பஞ்சாபிக் குடும்பம் கொடுத்த ரொட்டியைக்கூட வெங்கடசாமி வேண்டாம் என்றுவிட்டான். நான் குனியும் போதெல்லாம் பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

சுகந்தி வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஆனால் அவள் அழவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள்.

"கல்யாணம் ஆயிருச்சான்னு அந்த அதிகாரி இங்கிலீஷ்ல கேட்டாரு மாமா. நீங்க சொல்லிக் குடுத்தபடி இல்லைன்னு சொல்லிட்டேன். மறுபடி சடங்கு எதுவும் நடந்துச்சான்னு என்னமோ கேட்டாரு. எனக்குச் சரியா வெளங்கல. பக்கத்துல மொழிபெயர்க்க ஒரு அம்மா இருந்தாக, நம்ம பக்கத்து ஆளு. அவுக தமிழ்ல கேட்டாக. 'தாலி கட்டியாச்சாம்மா?'ன்னு. எங் கை அதுபாட்டுக்குக் கழுத்துக்குப் போயிருச்சு. ஆமான்னுட்டேன்."

பிறகு, "இங்கிலீஷ்ல இல்லைன்னு சொல்ல வந்துச்சு. தமிழ்ல வரல மாமா" என்றாள்.

விசா மறுக்கப்பட்டுவிட்டது. அது மட்டுமல்ல, விண்ணப்பத்தில் பொய் சொன்னவள் என்ற குற்றமும் அவள் பெயரில் ஏறிவிட்டது. அது இருக்கும்வரை வேறு எந்த வழியிலும் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது.

"அதக் குடுங்க மாமா" என்று கை நீட்டினாள். கைக்குட்டையைக் கொடுத்தேன். சற்றுத் தள்ளிப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தாலியை அணிந்துகொண்டாள்.

வெங்கடசாமி என்னைப் பார்த்தான். "ஏலே, என்னலே ஆச்சு? நீ சொன்னபடிதான எல்லாம் செஞ்சோம்?"

அந்தக் கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் இருந்தது. நான் சொன்னது இது: "நான் சரியாத்தான் செஞ்சேன்டா. ஒன் மக பதறிப்போயி உளறிட்டா. சொல்லிக் குடுத்தபடி சொல்லியிருந்தா இந்நேரம் விசா கிடைச்சிருக்கும்."

அவன் அதை நம்பினான். எம்.ஏ. சொன்னதை அவன் என்றைக்கும் நம்பாமல் இருந்ததில்லை. ஊர் திரும்பும்வரை மகளிடம் பேசவில்லை. ஊர் திரும்பியபின்னும் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மனைவியிடம் சொல்வான், அவர் மகளிடம் சொல்வார்.

பிறகு நேர்வழியில்தான் போக வேண்டியிருந்தது. ரமணன் வந்து திருமணத்தைப் பதிவு செய்தான். மனைவி என்று விண்ணப்பித்தார்கள். பழைய பொய்க்கு மன்னிப்புக் கேட்டுத் தனியாக ஒரு மனு. அதை அங்கிருந்த ஒரு வழக்கறிஞர் நடத்தினார். கேட்ட இடத்திலேயே அவள் உண்மையை ஒப்புக்கொண்டாள் என்பதுதான் அந்த மனுவில் அவளுக்கு இருந்த ஒரே பலம் என்று அவர் எழுதியிருந்தார். காரியத்தைக் கெடுத்தது என்று நான் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரு வார்த்தைதான் கடைசியில் அவளைக் கரை சேர்த்தது. ஆனால் அதற்கு ஐந்தாண்டுகள் ஆயின.

ரமணனின் அம்மா அத்தனை காலம் இருக்கவில்லை. நாங்கள் மும்பைக்குப் போய்வந்து ஓராண்டு கழித்து அவர் இறந்துபோனார். மனுவோடு சேர்க்க அந்த இறப்புச் சான்றிதழின் நகல் வேண்டும் என்று சுகந்தி என் அலுவலகத்துக்கு வந்தாள். நகல் எடுத்துக் கொடுத்தேன். "வாரேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்துக் கதவருகே ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. நான் அடுத்த விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவிதாவின் அழைப்பு வந்த அன்றே எம்.ரெட்டியபட்டிக்குப் பஸ் ஏறினேன். வெங்கடசாமி வீட்டுக்கு முன்னால் தாட்டுகளை, பருத்தி அடைத்த பெரிய சாக்குகளை, வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே எம்.ஏ.! வழி மறந்து வந்துட்டியா? உக்காரு, லோடு ஏத்தி விட்டுட்டு வாரேன்."

வேன் போனதும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. தாலி கட்டியபின் அந்த விண்ணப்பமே செல்லாது, அது எனக்கு அப்போதே தெரியும், சுகந்தி பொய்யே சொல்லித் தப்பித்திருந்தாலும் என்றாவது மாட்டியிருப்பாள், அவள் உளறினாள் என்று நான் சொன்னது என்னைக் காப்பாற்றிக்கொள்ள என்றேன்.

அவன் கோபப்படுவான் என்று நினைத்திருந்தேன். அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் போனேன். அவன் பருத்திச் சாக்கு ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப தாலி கட்டினதாலதான் கெட்டுச்சா? நான் பிடிவாதம் பிடிச்சதாலதானா?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. என் பாரத்தை இறக்கி வைக்க வந்து, அதை அவன் தலையில் ஏற்றிவிட்டேன்.

அவன் வீட்டுக்குள் பார்த்துக் கத்தினான். "ஏத்தா, சுகந்திக்குப் போனப் போடு."

அவன் மனைவி திகைத்துப்போய்க் கைபேசியோடு வந்தார். திரையில் சுகந்தி நர்ஸ் உடையில் இருந்தாள். வேலைக்கு நடுவில் ஏதோ ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். வெங்கடசாமி கைபேசியை என் பக்கம் நீட்டினான்.

"அவகிட்டச் சொல்லு. எங்கிட்டச் சொன்னத அவகிட்டச் சொல்லு."

சொன்னேன். அவள் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை.

"தெரியும் மாமா. நான் செவத்தப் பாத்துத்தான் திரும்பி நின்னேன். காது கேட்டுச்சு."

வெங்கடசாமி கைபேசியைத் தன் பக்கம் திருப்பினான். "பெறகு ஏன் தாயி எங்கிட்டச் சொல்லல?"

அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டதை மும்பைக்குப் பிறகு நான் அப்போதுதான் பார்த்தேன்.

"நீங்க எம் மேல கோவமா இருந்தீக. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்ப்பா. மாமா சொன்னது பொய்யின்னு சொன்னா, பெறகு எதனால கெட்டுச்சுன்னு கேப்பீக. தாலிதான்னு தெரிஞ்சா, அத்தை எம் மூஞ்சியப் பாக்காமச் செத்ததுக்கு நாமதான் காரணம்னு நெனச்சுக்கிட்டே கெடப்பீக. அதுக்கு எங்கூடப் பேசாம இருக்குறதே மேலு."

பிறகு என்னைக் கேட்டாள். "இத இப்பப் போயி ஏன் மாமா சொன்னீக?"

பழியை வெங்கடசாமி தலையிலேயே விட்டுவிட்டு அங்கே எழுந்து போயிருந்தால், என் இரண்டாவது குற்றம் முதல் குற்றத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கும். சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அதை நான் என்னிடமேகூடச் சரியாகச் சொல்லிக்கொண்டதில்லை.

"வெங்கடசாமி, நீ கேட்டதுல தப்பே இல்ல. தாலி கட்டி, ஊரறியக் கல்யாணம் பண்ணி, மனைவின்னே போட்டு அனுப்ப நேர்வழி இருந்துச்சு. இழுத்தடிக்கும்னு ஒரு வார்த்தையில நான் தள்ளிட்டேன். சில மாசம்தான் கூட ஆகியிருக்கும். அந்தம்மா இருக்கும்போதே இவ போய்ச் சேந்திருப்பா. அப்படியே பிந்தியிருந்தாலும் கல்யாணத்த அவுகளுக்கு வீடியோவுல காட்டியிருக்கலாம். எதையும் மறைக்க வேண்டியிருந்திருக்காது."

"ரெண்டு வழி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எங்களக் கேக்காம நீயே ஒண்ண எடுத்துட்ட."

"ஆமா."

அவன் தரையில் சிந்திக்கிடந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தம்மா குலவைச் சத்தம் மட்டும் கேட்டுச்சு" என்றான். கைபேசியில் சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்ககிட்ட ஒரு போட்டோகூட இல்ல மாமா" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. இல்லாத ஒன்றை இல்லை என்று சொன்னாள், அவ்வளவுதான்.

வெங்கடசாமி எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை. கைபேசியை முகத்துக்கு அருகே, மிக அருகே, கண்ணாடி இல்லாமல் படிப்பவர்கள் தாளைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டான்.

"தாயி, சாப்ட்டியா? அங்க இப்ப என்ன நேரம்?"

பேசிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டான். நான் சிறிது நேரம் இருந்து பார்த்துவிட்டு, அவன் மனைவியிடம் சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அவன் என்னை மன்னித்தானா என்று தெரியாது. இதை எழுதும் வரை அழைக்கவில்லை.

மறுநாள் கவிதாவின் அலுவலகத்தில் அந்தக் காரியாபட்டிக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. பெண், அவள் அப்பா, அம்மா. மாப்பிள்ளை கணினித் திரையில். கவிதாவிடம் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பெயர்கள் உட்பட. ஊரில் பேசுகிறார்களே, அதைத் திருத்திச் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன்.

கவிதா படிவம் இருந்த திரையை அணைத்துவிட்டு, நடந்ததையெல்லாம் கேட்டார். தாலி இன்னும் கட்டவில்லை. அவர் வெள்ளைத்தாளில் கோடு போட்டு இரண்டு வழிகளையும் எழுதினார். இப்போதைய விதிகள் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால் நான் வாய் திறக்கவில்லை. எழுதி முடித்துத் தாளைத் தள்ளியதும் பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க பெரியவுக. எத்தனையோ பாத்திருப்பீக. நீங்களே ஒண்ணச் சொல்லிருங்க, கேட்டுக்கிடுறோம்."

எத்தனையோ ஆண்டுகளாக எனக்கு இந்த வாக்கியம் எவ்வளவு பிடித்திருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. இப்போதும் பிடித்தது. நாக்கு நுனியில் பதில் தயாராக நின்றது.

"நான் சொல்ல மாட்டேன்யா" என்றேன். "ஒங்க மகளக் கேளுங்க. மாப்பிள்ளையக் கேளுங்க."

கவிதாவைக் கூட்டிக்கொண்டு கீழே டீக்கடைக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் மாடியில் குரல்கள் உயர்ந்தன. முதலில் அப்பாவின் குரல். பிறகு அதைவிட உரக்க அந்தப் பெண்ணின் குரல்.

கவிதா அண்ணாந்து பார்த்தார். "சார், சண்டை பெருசா இருக்கும்போல. போகலாமா?"

கடைக்காரரிடம் இன்னும் இரண்டு டீ போடச் சொன்னேன்.